பொக்கை வாய் இயற்கையா? இந்திய வரலாற்றில் முதுமையும் பற்களும்

முதுமையைச் சித்திரிக்கும் எவரும் நரைத்த தலையையும் சுருங்கிய தோலையும் ஊன்றுகோலையும் வரைந்த பின் பொக்கை வாயையும் வரையத் தவறுவதில்லை. நரையும் திரையும் வயதின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. பல் இழப்பு அத்தகையதா? ஈறு நோயும் பற்சொத்தையும் சிகிச்சையின்றி முற்றுவதால் பற்கள் விழுகின்றன. வயது ஏறுவதால் மட்டும் அவை விழுவதில்லை என்பதே இன்றைய பல் மருத்துவத்தின் முடிவு. ஆயினும் 'வயதாகிவிட்டது, பல் விழத்தான் செய்யும்' என்ற கூற்று நம் குடும்பங்களில் மட்டுமன்றி அரசின் திட்டங்களிலும் கல்விப் பாடத்திட்டங்களிலும் ஊடுருவி நிற்கிறது. இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது, அதற்கு மாற்றான மரபு நம்மிடம் இருந்ததா, நவீன நிறுவனங்கள் அதை மாற்றினவா என்பதை ஆராய்வதே இப்பதிவின் நோக்கம். பதிவு சற்று நீளமானது. சமூக வரலாறு, மருத்துவ வரலாறு, முதுமையியல் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது.

1. எலும்புகள் கூறும் சான்று

துணைக்கண்டத்தில் பல் மருத்துவத்தின் மிகத் தொன்மையான சான்று, இன்று பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கரில் கிடைத்தது. அங்குள்ள புதிய கற்காலப் புதைகுழிகளில் ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்களில் துளையிடப்பட்டிருந்ததை 2006இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அவற்றின் காலம் இன்றைக்கு ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. மணிகளைத் துளையிடும் கைவினைஞர்கள் அவ்வூரில் வாழ்ந்தனர். அவர்கள் கையாண்ட தீக்கல் முனைத் துளைக்கருவியே பல்லிலும் பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். துளைகள் வெளியே தெரியும் முன்பற்களில் இல்லை. எனவே அவை அழகு கருதிச் செய்யப்பட்டவை அல்ல. சில பற்களில் சொத்தையின் தடயமும் இருந்தது.

இச்சான்றில் நம் கருப்பொருளுக்கு முக்கியமானது ஒன்று உண்டு. துளையின் விளிம்புகள் மெல்லுவதால் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. துளையிடப்பட்டவர்கள் அதன் பிறகும் அப்பல்லால் உணவை மென்று வாழ்ந்தனர் என்பதே இதன் பொருள். பல்லைப் பிடுங்காமல் காத்துக்கொள்ளும் முயற்சி அத்தனை பழமையானது. ஆனால் அதே இடத்தில் பின்னர் வந்த செம்புக்கால மக்களின் பற்களில் இத்தகைய துளைகள் காணப்படவில்லை. ஒரு திறன் தோன்றி, பல நூற்றாண்டுகள் நீடித்து, பின் மறைந்தது. மருத்துவ அறிவு எப்போதும் முன்னோக்கியே வளரும் என்று கருதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஹரப்பா மக்களின் எலும்புகளை ஆராய்ந்த உடல்சார் மானிடவியலாளர் ஜான் லூகாச், வேளாண்மை தீவிரமடைந்த சூழலில் பற்சொத்தை பெருகியதையும், அது ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுந்திருந்ததையும் பதிவு செய்துள்ளார். தானிய மாவுணவு பெருகியமை ஒரு காரணம். பெண்களின் உடலியலும் உணவுப் பழக்கமும் வேறு காரணங்களாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. வயது மட்டும் அன்று, உணவும் உழைப்பும் பாலினமும் சேர்ந்தே ஒருவரின் வாயில் எத்தனை பற்கள் எஞ்சும் என்பதைத் தீர்மானித்து வந்துள்ளன.

2. முதுமையின் இலக்கணம்

இனி எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். இங்கே இரு வேறு மரபுகள் அருகருகே ஓடுவதைக் காண்கிறோம். ஒன்று சமய, அறநெறி மரபு. பாலி மொழிப் பௌத்த சூத்திரங்கள் மூப்பு என்பதை வரையறுக்கும்போது, பல் உடைதல், தலை நரைத்தல், தோல் திரைதல் என்ற வரிசையில் அதன் அடையாளங்களை அடுக்குகின்றன. பல்லே அங்கு முதலில் நிற்கிறது. ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் 'பஜ கோவிந்தம்' பாடலிலும் பல் அற்ற வாய், உடல் தளர்ந்தும் ஆசை தளராத முதியவரின் அடையாளமாகிறது. இவ்வாறான கூற்றுகளின் நோக்கம் நிலையாமையை உணர்த்துவது. அதற்கு எல்லோர் கண்ணிலும் படும் அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது. பெரும்பாலான முதியோர் பல் இழந்திருந்த சமூகத்தில் பொக்கை வாய் அந்த அடையாளமாயிற்று.

மற்றொன்று மருத்துவ மரபு. சுசுருத சம்ஹிதை வாய் நோய்கள் 65 என்று எண்ணி, அவற்றை ஏழு இடங்களுக்குப் பிரிக்கிறது: உதட்டில் 8, பல்லின் வேர்ப்பகுதியில் 15, பல்லில் 8, நாவில் 5, அண்ணத்தில் 9, தொண்டையில் 17, வாய் முழுவதும் 3. பல்லைக் காட்டிலும் பல்லின் வேர்ப்பகுதிக்கு, அதாவது ஈறுக்கு, ஏறத்தாழ இரு மடங்கு நோய்கள் கூறப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. ஈறிலிருந்து சீழும் குருதியும் வடிந்து பற்கள் ஆட்டம் காணும் நிலையைத் 'தந்தவேஷ்டம்' என்று அந்நூல் பெயரிட்டு, அதைக் கெட்ட குருதியால் விளையும் நோய் என்கிறது. பல்லில் படியும் காரைக்குத் 'தந்தசர்க்கரை' என்று பெயரிட்டு, அதை ஈறு புண்படாமல் சுரண்டி எடுக்கச் சொல்கிறது. காரண விளக்கம் இன்றைய அறிவியலோடு பொருந்தாது. ஆனால் ஆடும் பல் ஒரு நோயின் விளைவு, அதற்குச் சிகிச்சை உண்டு என்ற அணுகுமுறை தெளிவாக இருக்கிறது.

பல் பிடுங்குவதில் அந்நூல் காட்டும் தயக்கமும் கவனத்துக்குரியது. மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் குருதிப்போக்கு மிகுந்து, பார்வை இழப்பும் முகவாதமும் நேரலாம் என்று எச்சரித்து, மேற்பல் ஆடினாலும் மருத்துவர் அதை அகற்றலாகாது என்று விதிக்கிறது. பல் நோயுற்றவர் புளித்த பழங்கள், குளிர்ந்த நீர், வறண்ட உணவு, மிகக் கடினமான தின்பண்டங்கள் ஆகியவற்றை விலக்க வேண்டும் என்றும், பல்குச்சியையும் அப்போது தவிர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. நோயாளியின் வாய்க்கு ஏற்ப உணவை மாற்றுவது என்பது மருத்துவக் கடமையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

சரக சம்ஹிதை நாள்தோறும் இரு வேளை பல் துலக்கச் சொல்கிறது. துவர்ப்பு, கார்ப்பு, கைப்புச் சுவையுடைய குச்சியின் நுனியை மென்று, ஈறைப் புண்படுத்தாமல் தேய்க்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. நாக்கு வழிக்கும் கருவி, நல்லெண்ணெயை வாயில் நிறுத்தி வைத்தல் ஆகியவையும் அங்கு கூறப்படுகின்றன. எண்ணெய் நிறுத்துவதன் பயன்களாகத் தாடை வலிமையும் குரல் வலிமையும் பல்வேர்களின் உறுதியும் கடினமான உணவை மெல்லும் ஆற்றலும் சொல்லப்படுகின்றன. இவற்றை இன்றைய மருத்துவச் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்ட உண்மைகளாகக் கொள்வது வரலாற்றாய்வுக்கு அழகன்று. பண்டைய மருத்துவர்கள் எதை இலக்காகக் கொண்டனர் என்பதே நமக்குத் தேவை. மெல்லும் ஆற்றலையும் பேசும் ஆற்றலையும் வாழ்நாள் முழுவதும் காப்பது என்பது அவர்களின் இலக்காக இருந்தது.

ஆக, ஒரே பண்பாட்டில் பல் இழப்பு நிலையாமையின் சின்னமாகவும், தடுக்கத்தக்க நோயாகவும் ஒருசேரப் பார்க்கப்பட்டது. மக்கள் மனத்தில் நிலைத்தது முதலாவது. அதற்குக் காரணம் எளிது. மருத்துவ நூல்களைப் படித்தோர் சிலர். நிலையாமைப் பாடல்களைக் கேட்டோர் பலர்.

3. பல்குச்சியின் ஒழுங்குமுறை

பௌத்த விநய நூலான சுள்ளவக்கத்தில் பல்குச்சியைப் பற்றிய ஒரு விதி உருவான கதை இடம்பெறுகிறது. துறவியர் பல் துலக்காததால் வாய் நாற்றம் எழுந்தது. புத்தர் பல்குச்சியின் ஐந்து நன்மைகளைக் கூறி அதை அனுமதித்தார். பின்னர் சிலர் நீண்ட குச்சிகளை வைத்துக்கொண்டு இளந்துறவியரை அதனால் அடித்தனர். எனவே எட்டு விரல் அளவுக்கு மேற்படக் கூடாது என்ற வரம்பு வந்தது. மிகக் குட்டையான குச்சி ஒருவர் தொண்டையில் சிக்கியது. எனவே நான்கு விரலுக்குக் குறையக் கூடாது என்ற வரம்பும் வந்தது. இக்கதையின் வரலாற்று மெய்ம்மை எவ்வாறாயினும், வாய்த்தூய்மை ஒரு நிறுவனத்தின் அன்றாட ஒழுக்கமாக விதிக்கப்பட்டது என்பது உறுதி.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாளந்தாவில் பயின்ற சீனத் துறவி இ-சிங், இந்தியப் பௌத்த வழக்கங்களைப் பற்றிய தம் நூலில் பல்குச்சிக்கென ஒரு தனி இயலையே ஒதுக்கினார். காலையில் வாயைத் தூய்மை செய்யாதவர் வணக்கம் செலுத்தவும் பெறவும் தகுதியற்றவர் என்ற நெறியை அவர் குறிக்கிறார். குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழிக்கும் முறையையும் விளக்குகிறார். இந்தியாவில் பல்வலி அரிது, அதற்குப் பல்குச்சியே காரணம் என்பது அவர் முடிவு. தம் நாட்டினர் கைக்கொள்ள வேண்டும் என்ற ஆர்வத்தில் எழுதியவர் அவர் என்பதால் இக்கூற்றில் மிகை இருக்கலாம்.

ஆலையும் வேலையும் பல்லோடு இணைத்துப் பேசும் தமிழ்ப் பழமொழி, இசுலாமியரிடையே மிஸ்வாக் வழக்கு, வட இந்தியாவின் வேப்பந்தத்துவன் என இம்மரபு நாடெங்கும் வேரூன்றியது. ஆனால் இதற்கு ஓர் எல்லை இருந்தது. குச்சியை மென்று நுனியைத் தூரிகையாக்கிக்கொள்வதற்கே பல் வேண்டும். பல் தேய்ந்து ஆட்டம் கண்டவருக்கு அது இயலாது; பிறர் உதவி தேவைப்படும். 1932இல் எரவாடா சிறையில் காந்திக்குப் பல்குச்சிகளைத் தயாரித்துக் கொடுக்கும் பணியை வல்லபபாய் படேல் ஏற்றிருந்தார் என்பது மகாதேவ தேசாயின் நாட்குறிப்பால் தெரிகிறது. அறுபதைக் கடந்திருந்த காந்திக்கு அப்போது எஞ்சியிருந்த பற்கள் சிலவே. படேல் போல் ஒருவர் அருகில் இல்லாத முதியோருக்கு அவ்வழக்கம் எவ்வளவு காலம் நீடித்திருக்கும் என்ற வினாவை இந்நிகழ்வு எழுப்புகிறது.

4. உரலில் இடித்த வெற்றிலை

முதியோரின் வாயைக் கருதி நம் சமூகம் உருவாக்கிய கருவிகளைத் தேடினால் முதலில் அகப்படுவது வெற்றிலை இடிக்கும் சிற்றுரல். பல் இழந்தோர் வெற்றிலை பாக்கை அதில் இட்டு இடித்து, மெல்லாமலே சுவைத்தனர். இரும்பிலும் பித்தளையிலும் மரத்திலும் அழகிய வேலைப்பாட்டோடு இவை செய்யப்பட்டன; அருங்காட்சியகங்களிலும் இடம்பெறுகின்றன. உணவுக்குப் பின் தாம்பூலம் வாயைத் தூய்மையாக்கும் என்று சுசுருதர் கூறியதையும் இங்கு நினைவுகூரலாம். தாம்பூலம் மதிப்பின் அடையாளம்; பல் போனாலும் முதியவர் அம்மதிப்பை இழக்கக் கூடாது என்ற கரிசனம் அந்த உரலில் வெளிப்படுகிறது.

ஆனால் அக்கரிசனத்திற்கு ஒரு மறுபக்கம் உண்டு. புகையிலை சேர்ந்த வெற்றிலை மட்டுமன்றி, பாக்கு தனித்தும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வகைப்படுத்தியது. வாயைத் திறக்க இயலாதவாறு உட்சதை இறுகும் நோயை 1952இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் விவரித்தார். அடுத்த ஆண்டே பம்பாயில் எஸ். ஜி. ஜோஷி அதை இந்தியாவில் பதிவு செய்தார். பாக்கு மெல்லுதலே இதன் முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று.

புகையிலையின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. மகாராஷ்டிரத்தில் வறுத்துப் பொடித்த புகையிலையான 'மஷேரி', ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிகளில் 'குடாக்கு', கிழக்கிந்தியாவில் 'குல்' ஆகியவை பல் துலக்கும் பொருள்களாகவே புழங்கின. பல்வலிக்கு மருந்தாகத் தொடங்கியது பழக்கமாகி, பின் அடிமைத்தனமாயிற்று. புகைபிடித்தல் பெண்களுக்கு இழுக்கு என்று கருதிய சமூகத்தில் பல்பொடி என்ற பெயரில் புகையிலை அவர்களைச் சென்றடைந்தது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 1997இல் அத்தடையை உறுதிப்படுத்தியது. பல மூதாட்டியருக்கு அத்தடை வந்தபோது பழக்கம் பல பத்தாண்டுகள் பழையதாகியிருந்தது. அவர்களின் ஈறு நோயையும் வாய்ப்புற்றையும் 'வயதின் கோளாறு' என்று எழுதி முடித்துவிட்டால் இந்த வரலாறு முழுவதும் மறைந்துவிடும்.

5. கல்லூரியும் நடைபாதையும்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920இல் நிறுவியவர் ரஃபியுதீன் அகமது. கிழக்கு வங்கத்தில் 1890இல் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அரசின் உதவி இல்லாத தொடக்க ஆண்டுகளில், தாம் நடத்திய 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற ஐஸ்கிரீம் கடையின் வருவாயைக் கொண்டு கல்லூரியை நடத்தினார். பற்சொத்தைக்கு வழிவகுக்கும் இனிப்பின் வருவாய் பல் மருத்துவக் கல்விக்கு வித்தானது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. 1925இல் பல் மருத்துவ இதழையும் தொடங்கினார். முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா இக்கல்லூரியில் பயின்று பம்பாயில் மருத்துவமனை நடத்தினார். 1949இல் அகமது தம் கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தார். 1964இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் மறு ஆண்டு மறைந்தார். இன்று அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் பெரும்பாலான இந்தியர் அறிந்த பல் மருத்துவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். நடைபாதையில் பாய் விரித்துப் பிடுங்கிய பற்களையும் பொய்ப்பற்களையும் காட்சிக்கு வைத்திருந்தவரே அவர்களின் மருத்துவர். கல்கத்தாவின் சீனச் சமூகத்தில் ஹக்கா மக்கள் தோல் பதனிடுதலிலும் காலணித் தொழிலிலும், காண்டனீசியர் தச்சுத் தொழிலிலும் ஈடுபட்டது போல, ஹூபே மாகாணத்தினர் பல் மருத்துவத்தில் ஈடுபட்டனர். 'சீனப் பல் டாக்டர்' என்ற பெயர்ப்பலகை இந்திய நகரங்கள் பலவற்றில் காணப்பட்டதற்கு இதுவே பின்னணி. குறைந்த செலவில் வலியைத் தீர்ப்பதும், பல்செட்டுக் கட்டித் தருவதும் இவர்களின் பணி. முதியோருக்கு எட்டிய சேவையும் அதுவே.

போர் குழு என்று அறியப்படும் சுகாதார ஆய்வு மற்றும் வளர்ச்சிக் குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கை இந்நிலையை எண்களில் காட்டியது. மூன்று லட்சம் மக்களுக்கு ஒரு பல் மருத்துவர் என்பது அன்றைய இந்தியாவின் நிலை. அதே அறிக்கை இங்கிலாந்தில் 2,700 பேருக்கு ஒருவர் இருந்ததாகக் குறித்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், பதிவேட்டை இரு பகுதிகளாக அமைத்தது. பட்டம் பெற்றோர் 'ஏ' பகுதியிலும், பட்டமின்றிக் குறைந்தது ஐந்தாண்டுகள் பல் மருத்துவத்தையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டிருந்தோர் 'பி' பகுதியிலும் பதியப்பட்டனர். பரம்பரைத் தொழிலினரை ஒரே நாளில் சட்டவிரோதிகளாக்கினால் மக்களுக்குச் சேவையே இராது என்பதை அரசு உணர்ந்திருந்தது. 1949இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. 2023இல் இயற்றப்பட்ட தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது.

6. ஒன்பது துறைகளில் இல்லாத பத்தாவது

அந்தப் பற்றாக்குறை இன்று எண்ணிக்கையளவில் பெரிதும் நீங்கிவிட்டது. நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். மருத்துவர்கள் நகரங்களிலேயே குவிந்துள்ளனர். முதுநிலைப் பட்டப்படிப்பு ஒன்பது சிறப்புத் துறைகளில் வழங்கப்பட்டு வந்துள்ளது. குழந்தைகளுக்கென ஒரு தனித்துறை அவற்றுள் உண்டு. முதியோருக்கெனத் தனித்துறை இல்லை. செயற்கைப் பல் பொருத்தும் துறையின் ஒரு கூறாகவே முதியோர் வாய்நலம் கற்பிக்கப்படுகிறது.

இந்த வகைப்பாடு பாடத்திட்ட வசதிக்காக மட்டும் எழுந்ததன்று என்பது என் கருத்து. முதியவரின் வாய் என்றாலே பல் இல்லாத வாய், அதற்குத் தேவை பொய்ப்பல் என்ற முன்முடிவு அதில் அடங்கியிருக்கிறது. சூத்திரங்களில் மூப்பின் முதல் அடையாளமாக நின்ற அதே பொக்கை வாய், நவீன உடையில் பாடத்திட்டத்துக்குள் நுழைந்துவிட்டது எனலாம்.

அரசின் திட்டங்களிலும் இதே போக்கைக் காணலாம். கர்நாடகத்தின் 'தந்த பாக்ய' திட்டமும் கேரளத்தின் 'மந்தஹாசம்' திட்டமும் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்குப் பல்செட்டு கிடைக்க வழி செய்தன. இவை பாராட்டுக்குரியவை, மெல்லவும் சிரிக்கவும் இயலாத ஒருவருக்கு அவற்றின் மதிப்பைச் சொல்லி முடியாது. ஆயினும் இவை பற்கள் அனைத்தும் போன பின் தொடங்குகின்றன. முதியோர் நலத் தேசியத் திட்டம் 2010–11இலும், தேசிய வாய்நலத் திட்டம் 2014–15இலும் தொடங்கப்பட்டன. இவ்விரண்டும் சந்திக்கும் புள்ளியில்தான் பற்கள் விழுவதற்கு முன்பே முதியவரைச் சென்றடையும் சேவை உருவாக வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) உணவையும் மருத்துவத்தையும் பராமரிப்பின் கூறுகளாகச் சேர்த்திருக்கிறது. உணவை மெல்லும் வாய்ப்பும் அப்பராமரிப்பில் அடங்கும் என்று வாதிட இடமுண்டு.

மாற்றுப் பார்வைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஜப்பான் 1989இல் '8020' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. எண்பது வயதில் இருபது பற்களாவது இருக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். இருபது இயற்கைப் பற்கள் இருந்தால் பொய்ப்பல்லின் துணையின்றியே பெரும்பாலான உணவை மெல்ல முடியும் என்பதே அந்த எண்ணின் அடிப்படை. எத்தனை பல்செட்டு வழங்கினோம் என்று கணக்கிடும் நிர்வாகத்திற்கும், எத்தனை பற்கள் எஞ்சியுள்ளன என்று கணக்கிடும் நிர்வாகத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

7. இன்று என்ன தேவை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேல். உலக அளவில் இவ்வயதினரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மீதமுள்ள பெரும்பான்மையினருக்குச் சில பற்களேனும் உள்ளன என்பதை இதன் மறுபக்கமாகக் காண வேண்டும்.

முதுமையில் வாய் எதிர்கொள்ளும் சிக்கல்கள் தனித்தன்மை உடையவை. ஈறு கீழிறங்கும்போது பல்லின் வேர் வெளிப்படுகிறது. வேரின் மீது பற்சிப்பி இல்லாததால் அங்கு சொத்தை விரைவில் பற்றுகிறது. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை முதலியவற்றுக்கான மருந்துகள் பல, உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைத்து வாயை உலர்த்துகின்றன. உமிழ்நீர் குறைந்தால் சொத்தையும் பூஞ்சைத் தொற்றும் பெருகும். சர்க்கரை நோய் ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. பற்கள் போன இடத்தில் தாடை எலும்பு ஆண்டுதோறும் கரைவதால் பழைய பல்செட்டு பொருந்தாமல் போகிறது. பல் இழந்தோர் பயறு, காய், பழம், இறைச்சி ஆகியவற்றை ஒதுக்கி, குழைந்த சோற்றையும் கஞ்சியையும் நாடுவதால் ஊட்டக்குறைவு ஏற்படுகிறது. இவை மட்டுமா? முதியோர் இல்லங்களில் ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பல் துலக்க உதவியபோது நுரையீரல் அழற்சி குறைந்தது என்று ஜப்பானில் நடந்த ஆய்வொன்று 1999இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. வாய்த்தூய்மை உயிரைக் காக்கும் செயல் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. ஃபுளோரைடு கலந்த பசையால் நாள்தோறும் இரு வேளை மென்மையான தூரிகையால் துலக்குதல். கை நடுங்குவோருக்கும் மறதி நோயாளிகளுக்கும் வீட்டார் துலக்கிவிடுதல். பல்செட்டை இரவில் கழற்றித் தூய்மை செய்து நீரில் இட்டு வைத்தல். வாய் உலர்ந்தால் மருந்துகளைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுதல். வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறையேனும் வாயைச் சோதித்தல். இரண்டு வாரங்களில் ஆறாத புண்ணையும் வெண்படலத்தையும் செம்படலத்தையும் உடனே காட்டுதல். பல்லே இல்லாதவருக்கும் இறுதி இரண்டும் பொருந்தும். நல்லெண்ணெய் கொப்பளிக்க விரும்புவோர் கொப்பளிக்கலாம்; துலக்குவதற்கு அது மாற்றாகாது.

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் வழக்கு. உச்சரிப்பு சிதைவதை மட்டும் அது குறிக்கவில்லை. பொக்கை வாயை மூடிக்கொண்டு கூட்டத்தில் பேசத் தயங்குபவர், பந்தியில் பிறரோடு அமர மறுப்பவர், புகைப்படத்தில் சிரிக்காதவர் எனப் பலரை அது குறிக்கிறது. வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் ஆய்வாளர்கள் இதைக் கூடுதலாக உணர வேண்டும். நம் சான்றாதாரங்களாக விளங்கும் முதியோரின் சொற்கள் அவர்களின் பற்களை நம்பியே நிற்கின்றன.

இத்துறையில் செய்யப்படாத பணிகள் ஏராளம். 'பி' பகுதியில் பதிவான பரம்பரைப் பல் மருத்துவர்களின் வாழ்க்கை, சீனப் பல் மருத்துவர் குடும்பங்களின் வாய்மொழி வரலாறு, புகையிலைப் பற்பொடிகளின் விளம்பரங்கள், வெற்றிலை உரல்களின் பொருள்சார் பண்பாடு, முதியோர் இல்லங்களின் உணவுப் பட்டியல்கள் என ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குரிய பொருள். ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இவற்றைக் கருத்தில் கொள்ளலாம். வட்டார வழக்குகளையும் குடும்பச் சேகரிப்பில் உள்ள பொருள்களையும் அறிந்தோர் பின்னூட்டத்தில் பகிர்ந்தால் பலருக்கும் பயன்படும்.